சனுக்கி உடோன் கடையில் சாப்பிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானின் ஷிகோக்குத் தீவில், காகாவா மாகாணத்தில் உள்ள தகமாட்சு நகரத்தில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அந்த நான்கு ஆண்டுகளில் என் மதிய உணவு பெரும்பாலும் உடோன்தான். ஜப்பானுக்குப் புறப்படும் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

உடோன் என்றால் என்ன? வெறும் நூடுல்ஸ்தானே?

கோதுமை மாவு, தண்ணீர், உப்பு. வேறு எதுவும் இல்லை. பிசைந்து, ஊறவைத்து, தேய்த்து விரித்து, கத்தியால் நறுக்கி, பத்துப் பதினைந்து நிமிடம் வேகவைத்தால் உடோன். வெள்ளையாக, பருமனாக, வெட்டிய ஓரங்கள் சதுரமாக இருக்கும்.

மாவைக் காலால் மிதிப்பார்கள். கனமான பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, அதன் மேல் பாய் விரித்து, நின்ற இடத்திலேயே சின்னச் சின்ன அடிகளாக மிதிப்பதைப் பார்த்திருக்கிறேன். கையால் கொடுக்க முடியாத அழுத்தம் அது. அதிலிருந்து வருவதுதான் ‘கோஷி’. அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள் இடுப்பு. பல் பட்டதும் மேற்புறம் மெத்தென்று இறங்கும், நடுவில் ஓர் இழுவை நின்று எதிர்க்கும். அந்த எதிர்ப்பைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

உப்புக்கும் கணக்கு இருக்கிறது. ‘தோ-சான், கான்-ரோக்கு’ என்பது பழைய வாய்ப்பாடு. கடும் கோடையில் ஒரு பங்கு உப்புக்கு மூன்று பங்கு தண்ணீர், கடும் குளிரில் ஒரு பங்குக்கு ஆறு பங்கு. வெயிலில் மாவு தளர்ந்துவிடும் என்பதால் உப்பைக் கூட்டி இறுக்குகிறார்கள். வேகும்போது அந்த உப்பில் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும்.

ஜப்பான் முழுவதும் கிடைக்கிறதே, ஏன் காகாவாவைச் சொல்கிறீர்கள்?

தகமாட்சுவைத் தலைநகராகக் கொண்ட காகாவாதான் ஜப்பானின் 47 மாகாணங்களில் பரப்பளவில் மிகச் சிறியது. அதன் பழைய பெயர் சனுக்கி. மழை குறைந்த பூமி. பெரிய ஆறு கிடையாது. எனவே ஏரி, குளம் வெட்டிப் பிழைத்த ஊர். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் பெரியதான மன்னோ ஏரியின் உடைந்த கரையை 821-ஆம் ஆண்டில் கூக்காய் என்ற பௌத்தத் துறவி முன்னின்று கட்டினார். இராமநாதபுரத்துக் கண்மாய்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அங்கே ரயில் ஜன்னல் வழியாக வரிசையாகக் குளங்கள் தெரிந்தபோது, வந்த முதல் நாளே ஊர் பழகிப்போனது.

நெல் அறுத்த வயலில் கோதுமை விதைக்க அந்த வறண்ட வானிலை தோதாக இருந்தது. செத்தோ உள்நாட்டுக் கடல் உப்பு கொடுத்தது. எதிரே உள்ள ஷோதோஷிமா தீவில் ஏறத்தாழ நானூறு ஆண்டுகளாக ஷோயு, அதாவது சோயா சாஸ், காய்ச்சுகிறார்கள். மேற்கே இபுக்கி தீவில் நெத்திலியை அவித்துக் காயவைக்கிறார்கள். மாவு, உப்பு, ஷோயு, கருவாடு எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில். கொத்தோஹிரா மலைக்கோயிலுக்கு வரும் யாத்திரிகர்களுக்கு உடோன் விற்ற கடைகள், 1700-ஐ ஒட்டிய காலத்து ஓவியத் திரை ஒன்றிலேயே வரையப்பட்டிருக்கின்றன. கூக்காய்தான் சீனாவிலிருந்து உடோனைக் கொண்டுவந்தார் என்றும் ஊரில் சொல்வார்கள். அது கர்ணபரம்பரைக் கதை.

2011-இல் மாகாண அரசே தன்னை ‘உடோன் மாகாணம்’ என்று விளம்பரப்படுத்திக்கொண்டது. அதே சமயம், இன்று பெரும்பாலான கடைகளில் பிசையும் மாவு ஆஸ்திரேலியக் கோதுமைதான். அதற்கு ஈடாக உள்ளூரில் ‘சனுக்கி நோ யுமே’, அதாவது ‘சனுக்கியின் கனவு’ என்று ஒரு கோதுமை ரகத்தை உருவாக்கி வளர்த்துவருகிறார்கள். அந்தக் கோதுமையில் செய்யும் கடையைக் கண்டால் தவறாமல் நுழையுங்கள். மாவின் மணமே தனி.

கடைக்குள் நுழைந்ததும் என்ன செய்ய வேண்டும்?

காகாவாவில் பாதிக்கு மேல் ‘செல்ஃப்’ கடைகள்தான். யாரும் வந்து உங்களை உட்காரச் சொல்லமாட்டார்கள். வாசலருகே அடுக்கியிருக்கும் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வரிசையில் நில்லுங்கள். முதலில் உடோனின் வகையையும் அளவையும் சொல்ல வேண்டும். கிண்ணம் கைக்கு வந்ததும் நகர்ந்து, டெம்புரா (மாவில் தோய்த்துப் பொரித்த பண்டம்) வேண்டுமானால் இடுக்கியால் எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்தது கல்லா. பணம் கொடுத்த பிறகுதான் வெங்காயத்தாள், துருவிய இஞ்சி, எள், ‘டென்கசு’ எனப்படும் டெம்புராத் தூள் எல்லாம் இருக்கும் மேசை. அவை பெரும்பாலும் இலவசம். தண்ணீரும் தேநீரும் இலவசம், நாமே பிடித்துக்கொள்ள வேண்டும்.

பழைய கடைகளில் இன்னொரு படி இருக்கிறது. என் அலுவலகத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு கடை. கொதிக்கும் அண்டாவுக்கு முன்னால் நிற்கும் பெரியவர், வெந்து அலசிய உடோனை ஒரு கைப்பிடி எடுத்து, மணிக்கட்டை ஒருமுறை மடக்கிச் சுருட்டிக் கிண்ணத்தில் வைத்து நீட்டுவார். அந்தச் சுருளுக்கு ‘தாமா’ என்று பெயர். அது குளிர்ந்திருக்கும். நாம்தான் அதை நீளக் கைப்பிடி வைத்த ஆழமான வடிகூடையில் கொட்டி, பக்கத்தில் கொதிக்கும் வெந்நீரில் பத்து விநாடி முக்கி, இரண்டு உதறு உதறித் திரும்பக் கிண்ணத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு சுவரோரம் ஒரு எவர்சில்வர் தொட்டி. குழாயைத் திருகினால் சூடான சாறு கொட்டும். முதல் நாள் நான் உதறாமலேயே போட்டுவிட்டேன். பின்னால் நின்ற பெண்மணி ஒன்றும் பேசாமல் கூடையை வாங்கி, உடோனைத் திரும்ப அதில் போட்டு, இரண்டே உதறலில் நீரை வடித்துக் கொடுத்தார். நீர் தங்கினால் சாறு நீர்த்துவிடும்.

தெரியாவிட்டால் முன்னால் நிற்பவரைப் பார்த்துச் செய்யுங்கள். வரிசை வேகமாகத்தான் நகரும், ஆனால் புதியவர் தடுமாறினால் யாரும் முகம் சுளிப்பதை நான் கண்டதில்லை.

முதல் தடவை எதை வாங்குவது?

காக்கே. சூடான சாறு ஊற்றிய உடோன், மேலே கொஞ்சம் வெங்காயத்தாள், அவ்வளவுதான். பட்டியலில் மிகவும் மலிவானதும் அதுதான். மாட்டிறைச்சி போட்டது, கறிக்குழம்பு ஊற்றியது எல்லாம் படத்தில் அழகாக இருக்கும். அவற்றை மூன்றாம் நாள் சாப்பிடுங்கள். இந்த ஊரில் மரியாதை மாவுக்குத்தான். மேலே குவிப்பது கூடக்கூட மாவின் குரல் அடங்கிப்போகும்.

காக்கே பிடித்துவிட்டால் அடுத்தது காமாகே. வெந்த உடோனைக் குளிர்நீரில் அலசாமல், வேகவைத்த நீரோடு அப்படியே கொண்டுவந்து வைப்பார்கள். தனியாகக் கொடுக்கும் சாற்றில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். கோஷி குறைவு, மென்மையும் கோதுமை மணமும் அதிகம். கூக்காய் பிறந்த ஜென்சூஜி ஊரில் இருக்கும் நாகாதா இன் கானோகா என்ற கடை இதற்குப் பேர்போனது. பெரிய மண் கூஜாவில் சாறு கொதிக்கக் கொதிக்க வரும். கூஜாவின் கழுத்தில் கயிறு கட்டியிருக்கும்; அதைப் பிடித்துச் சாய்த்து ஊற்ற வேண்டும்.

காமாகேயின் தண்ணீரை வடித்து, பச்சை முட்டை உடைத்து, ஷோயு விட்டுக் கிளறினால் காமதாமா. ஆயாகாவாவில் உள்ள யாமாகோயே கடைதான் இதன் பிறப்பிடம் என்று பெயர் பெற்றது. பச்சை முட்டை என்றதும் பலர் பின்வாங்குவார்கள். உடோனின் சூட்டில் முட்டை பாதி இறுகி, ஒவ்வொரு இழையிலும் பூசிக்கொள்ளும். தயங்குபவர்களை நான் வற்புறுத்தமாட்டேன், ஆனால் நான் ஊருக்குத் திரும்பியபின் மிகவும் ஏங்குவது இதற்குத்தான்.

புக்காக்கே என்பது திக்கான சாற்றைக் கொஞ்சமாக மேலே ஊற்றுவது. ஜாரு என்பது குளிர்ந்த உடோனை மூங்கில் தட்டில் வைத்துத் தோய்த்துச் சாப்பிடுவது. கிட்சுனே என்றால் நரி. இனிப்பாக வேகவைத்த பொரித்த டோஃபு மேலே கிடக்கும். நரிக்கு அது பிடிக்கும் என்பது ஜப்பானிய நம்பிக்கை.

சூடா, குளிரா என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

குளிர்ந்த உடோனா என்று நாம் முகம் சுளிப்பது இயல்பு. ஆனால் வெந்ததும் குளிர்நீரில் அலசி இறுக்கும்போதுதான் கோஷி முழுமையாகத் தெரியும். சூட்டில் அது கொஞ்சம் தளரும். சில கடைகளில் இரண்டையும் கலந்து கேட்கலாம். ‘ஹியா-அட்சு’ என்றால் உடோன் குளிர்ந்தது, சாறு சூடானது. ‘அட்சு-அட்சு’ என்றால் இரண்டும் சூடு. ‘ஹியா-ஹியா’ என்றால் இரண்டும் குளிர்ச்சி. வெறும் சூடு வேண்டுமானால் ‘அட்சுய்’, குளிர் வேண்டுமானால் ‘ட்சுமெத்தாய்’ என்று சொன்னால் போதும். கோடையில் ஹியா-ஹியா, மற்ற நாளில் ஹியா-அட்சு என்பது என் வழக்கம்.

எவ்வளவு வாங்குவது?

காகாவாவில் ‘ஷோ’ என்றால் சிறியது, ஒரு தாமா. ஒரு ஆளுக்குத் தாராளமாகப் போதும். ‘டாய்’ என்றால் பெரியது. கடைக்குக் கடை இரண்டு தாமா அல்லது மூன்று தாமா வரும். ஆகவே, பசியாக இருந்தாலும் ஷோவில் தொடங்குங்கள். ஒரே நாளில் மூன்று கடை ஏறி இறங்குவது அந்த ஊரில் சாதாரணம். முதல் கடையிலேயே வயிற்றை நிரப்பிக்கொண்டு பிறகு வருந்திய விருந்தினர்களை எனக்குத் தெரியும்.

டெம்புரா அவசியமா?

அவசியமில்லை, ஆனால் ஒன்று எடுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும். கத்தரிக்காய், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பரங்கிக்காய், தாமரைக்கிழங்கு என்று காய்கறிகள் இருக்கும். காய்களை நீளவாக்கில் நறுக்கிக் கொத்தாகப் பொரித்த ‘காக்கியாகே’ நம் வெங்காயப் பக்கோடாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. தகமாட்சுவில் சிக்குசேய் என்ற கடையில் அரைவேக்காட்டு முட்டையை மாவில் தோய்த்துப் பொரித்துக் கொடுப்பார்கள். கடித்தால் மஞ்சள் கரு வழிந்து சாற்றில் கலக்கும். அதற்காகவே வரிசை நிற்கிறது. பொதுவாக, பொரித்து நேரமானதை எடுக்காதீர்கள். தட்டு காலியாக இருந்தால் ஒரு நிமிடம் பொறுங்கள், புதிதாக வரும்.

நான் சைவம். என்ன சாப்பிடுவது?

இந்தக் கேள்விக்கு உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் தெரியாமலேயே மீன் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள்.

சாறு என்று நான் எழுதிவருவது ‘டாஷி’யில் ஆனது. காகாவாவில் அதற்கு அடிப்படை ‘இரிக்கோ’, அதாவது அவித்துக் காயவைத்த நெத்திலி. மற்ற இடங்களில் ‘காட்சுவோபுஷி’. சூரை மீனை அவித்துப் புகையூட்டி மரக்கட்டை போல் உலர்த்திச் சீவுவது அது. தூத்துக்குடிக்காரர்களுக்கும் இலங்கைத் தமிழர்களுக்கும் மாசிக் கருவாடு என்றால் சட்டென்று புரியும். இரண்டும் நெருங்கிய உறவு. ஜப்பானியருக்கு டாஷி என்பது சமையலின் தண்ணீர் மாதிரி. அதை யாரும் மீன் என்று கணக்கில் எடுப்பதில்லை.

என் மாமியார் சுத்த சைவம். அவர் வந்திருந்தபோது ஒரு கடையில், மீனும் இறைச்சியும் வேண்டாம் என்று என் அரைகுறை ஜப்பானியத்தில் சொன்னேன். கடைக்காரம்மா தலையசைத்து, மிகுந்த அக்கறையோடு இரண்டு கைகளாலும் ஒரு கிண்ணம் காக்கேயை நீட்டினார். மாமியார் அதை முகத்தருகே கொண்டுபோய்விட்டு, “மாப்பிள்ளை, நெத்திலி வாடை வருகிறதே” என்றார். தவறு என்னுடையது. டாஷி வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை.

மறுநாள் வேறு கடைக்குப் போனோம். அலசிய உடோன் மட்டும், மேலே துருவிய முள்ளங்கி, இஞ்சி, வெங்காயத்தாள், எள், ஒரு துண்டு ‘சுதாச்சி’. பக்கத்து மாகாணமான தொக்குஷிமாவில் விளையும் சின்னஞ்சிறு எலுமிச்சை அது. பையில் வைத்திருந்த புட்டியிலிருந்து வெறும் ஷோயுவை நான்கு சொட்டு விட்டுப் பிழிந்து கலந்து கொடுத்தேன். மாமியார் முதல் வாய் மென்றுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு இன்னொரு தாமா கேட்டார். மாவு மட்டுமே ஒரு சாப்பாடாக நிற்க முடியும் என்பதை நான் அன்றைக்குத்தான் சரியாகப் புரிந்துகொண்டேன்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது ஷோயு உடோன். மேசையில் இருக்கும் புட்டியை நம்பிவிடாதீர்கள்; பல கடைகளில் அது டாஷி கலந்த ஷோயு. ‘டாஷி நாஷி’ என்றால் டாஷி இல்லாமல் என்று பொருள். சிறிய புட்டி சாதாரண ஷோயுவைப் பல்பொருள் அங்காடியில் வாங்கிக் கையோடு வைத்துக்கொள்வது உத்தமம். கிட்சுனேயின் டோஃபு, பொரித்த டோஃபுப் பைக்குள் சோறு அடைத்த ‘இனாரி’ இரண்டும் பார்வைக்குச் சைவம், ஆனால் பெரும்பாலும் டாஷியில் வேகவைத்தவை. டெம்புரா மாவில் முட்டை இருக்கும், மீன் பொரித்த அதே எண்ணெய்தான். டென்கசுவில் இறால் துணுக்கு கிடக்கலாம். கண்டிப்பான சைவர்கள் இவை நான்கையும் ஒதுக்கிவிடுங்கள்.

மது, ஒவ்வாமை பற்றி?

சாற்றில் ‘மிரின்’ என்ற இனிப்பு அரிசி மது சேர்ப்பது வழக்கம். அதைத் தவிர்க்க விரும்பும் முஸ்லிம் நண்பர்களுக்கும் மேலே சொன்ன ஷோயு வழியே உகந்தது. கோதுமை ஒவ்வாதவர்களுக்கு உடோன் கடை ஏற்ற இடமில்லை. சோபா எனப்படும் பக்வீட் நூடுல்ஸ் ஒவ்வாதவர்களும் விசாரிக்க வேண்டும். சில கடைகளில் இரண்டையும் ஒரே அண்டாவில் வேகவைக்கிறார்கள்.

சத்தமாக உறிஞ்ச வேண்டுமா?

வேண்டும் என்று கட்டாயமில்லை, உறிஞ்சினால் யாரும் தவறாக நினைப்பதில்லை. கொதிக்கும் உடோனை காற்றோடு சேர்த்து இழுத்தால் நாக்கு சுடாது, மணமும் மூக்குக்கு ஏறும். காகாவாவின் பெரியவர்கள் அதிகம் மெல்லாமல் விழுங்குவார்கள். தொண்டையில் வழுக்கிப் போகும் சுகத்துக்கே தனிச் சொல் வைத்திருக்கிறார்கள், ‘நோதோகோஷி’ என்று. நமக்கு அது வேண்டாம், நன்றாக மென்று சாப்பிடுங்கள். கிண்ணத்தை இரு கையாலும் தூக்கிச் சாற்றைக் குடிக்கலாம். உப்பு கூடுதல் என்பதால் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் சாற்றை மீதம் வைத்துவிடுங்கள், அது அவமரியாதை ஆகாது.

காரம் கிடைக்குமா?

‘ஷிச்சிமி’ என்ற ஏழு பொருள் கலந்த மிளகாய்ப் பொடி மேசையில் இருக்கும். ஒரு சிட்டிகை போதும். ஊறுகாய்ப் புட்டியைத் திறக்காதீர்கள், முதல் கிண்ணத்திலாவது.

எந்த நேரத்தில் போவது?

காலையில். ஆறு மணிக்கே திறக்கும் கடைகள் உண்டு. பல கடைகள் மதியம் இரண்டு மணிக்குள் மூடிவிடும். பிசைந்த மாவு தீர்ந்தால் அதற்கு முன்பே மூடிவிடும். சாகாயிதே ஊரில் நாளைக்கு ஒரு மணி நேரம் மட்டும் வாடிக்கையாளருக்குத் திறக்கும் உடோன் தயாரிப்பகம்கூட இருக்கிறது. இரவு உணவுக்குச் சனுக்கி உடோன் தேடி அலைந்து ஏமாறுபவர்கள் நிறைய.

இன்னொரு நுணுக்கம்: வெந்து அரை மணி நேரம் ஆன உடோன் வேறு பண்டம். அண்டாவிலிருந்து புதிதாக எடுக்கும்போது போய்ச் சேர்வதுதான் அதிர்ஷ்டம். ‘இப்போதுதான் போட்டிருக்கிறோம், கொஞ்சம் காத்திருங்கள்’ என்று கடைக்காரர் சொன்னால் மகிழ்ச்சியோடு காத்திருங்கள்.

சங்கிலிக் கடைகளுக்குப் போகலாமா?

தாராளமாக. மாருகாமே செய்மென், ஹனமாரு இரண்டும் நாடெங்கும் இருக்கின்றன. மாருகாமே என்பது காகாவாவில் உள்ள ஊர்ப்பெயர், ஆனால் அந்த நிறுவனத்தின் முதல் உடோன் கடை 2000-இல் திறந்தது ஹியோகோ மாகாணத்துக் காக்கோகாவாவில். ஹனமாரு அதே ஆண்டில் தகமாட்சுவிலேயே தொடங்கியது. மாருகாமே 2011-இல் ஹவாயின் வைக்கீக்கிக்கும் போனது. அவர்கள் கடையிலேயே மாவு பிசைந்து நறுக்குவதைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கலாம். படம் போட்ட பட்டியல் இருப்பதால் முதல்முறை பழகுவதற்கு நல்ல இடம்.

டோக்கியோ, ஒசாகா உடோனும் இதே சுவைதானா?

இல்லை. கிழக்கே டோக்கியோவில் சாறு கருத்து, ஷோயு தூக்கலாக இருக்கும். மேற்கே ஒசாகாவில் கோம்பு கடற்பாசியின் மென்மையோடு பொன்னிறமாக இருக்கும். டோன்பேய் என்ற புகழ்பெற்ற கோப்பை உடோன்கூடக் கிழக்குக்கும் மேற்குக்கும் தனித்தனிச் சாற்றோடு விற்கப்படுகிறது. மூடியில் அதற்கான எழுத்து அச்சிட்டிருக்கும். ஃபுக்குவோக்காவில் உடோன் குழைவாக இருக்கும், மேலே ‘கோபோ’ என்ற வேர்க்கிழங்கின் டெம்புரா. இசே ஊரில் ஒரு மணி நேரம்வரை வேகவைத்துக் கரிய சாற்றில் புரட்டுகிறார்கள். கோஷிதான் உடோன் என்று பழகிய நாக்குக்கு அது முதலில் ஏமாற்றமாக இருக்கும். பல்லில்லாத பாட்டிக்கும் பச்சைக் குழந்தைக்கும் அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது.

எவ்வளவு செலவாகும்? டிப்ஸ் உண்டா?

காகாவாவின் சிறிய கடையில் ஒரு ஷோ காக்கே 300 யென்னுக்கு அக்கம்பக்கம். ஒரு டெம்புரா சேர்த்தாலும் 500 யென்னைச் சுற்றி முடிந்துவிடும். சங்கிலிக் கடைகளில் கொஞ்சம் கூடும். பல சிறிய கடைகளில் ரொக்கம் மட்டுமே. டிப்ஸ் கிடையாது, வைத்தால் எடுத்துக்கொண்டு தெருவரை ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்கள்.

சாப்பிட்டு முடித்தபின்?

உட்கார்ந்து பேசும் இடம் அது கிடையாது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் எழுந்துவிடுவது வழக்கம், வாசலில் அடுத்தவர் தட்டோடு நிற்கிறார். கிண்ணத்தையும் தட்டையும் நீங்களே எடுத்துக்கொண்டுபோய், பாத்திரம் திருப்பும் ஜன்னலில் வையுங்கள். மேசையில் சிந்தியிருந்தால் அங்கேயே கிடக்கும் துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். ஜன்னலுக்கு அப்பால், ஆவிக்கு நடுவே, யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார். அவர் முகம் தெரியாது. ‘கோச்சிசோசாமா’, அதாவது சாப்பாட்டுக்கு நன்றி, என்று சொல்லுங்கள். உள்ளேயிருந்து நன்றி சொல்லும் குரல் வரும்.